பவுன்டி வைத்தால் நிரல் வருமா?

நிரலை யாரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் விட்டிருக்கும் கட்டற்ற மென்பொருள் குழுக்களில் அவ்வப்போது தலைகாட்டும் யோசனை ஒன்று உண்டு. ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாமல் கிடக்கும் ஒரு வழுவுக்கோ (நிரல் பிழைக்கோ), பயனர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு வசதிக்கோ குறிப்பிட்ட தொகையைப் 'பவுன்டி' என்ற பெயரில் பரிசாக அறிவித்துவிட்டால் என்ன? முடித்துக் கொடுப்பவர் பணத்தை எடுத்துக்கொள்ளட்டும், பயனருக்கு வேலை நடக்கும், ஓய்வு நேரத்தில் இலவசமாக உழைக்கும் நிரலாளருக்கும் ஏதோ கொஞ்சம் கையில் சேரும், இதில் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்த ஏற்பாடு எங்கெல்லாம் பலித்தது, எங்கெல்லாம் கைவிட்டது என்று பார்த்துக்கொண்டே வந்தால், பணம் பெரும்பாலும் தவறான ஆளின் கைக்குப் போகிறது என்ற முடிவுக்கே நான் வர வேண்டியிருக்கிறது. திட்டத்தில் அரிதாக இருப்பது நிரல் எழுதும் கை அன்று. எழுதி வந்ததைப் படித்துப் பார்த்து, ஏற்று, அதற்குப் பின்னாளில் பதில் சொல்லும் ஆள். பவுன்டி அந்த ஆளைக் கண்டுகொள்வதே இல்லை.

முதலில் பலித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 2010 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காகக் கினெக்ட் என்ற கேமராக் கருவியை வெளியிட்டது. அதைக் கணினியோடு இணைத்து இயக்கும் கட்டற்ற டிரைவரை எழுதுபவருக்கு 1,000 டாலர் தருவதாக அடாஃப்ரூட் என்ற மின்னணுப் பொருள் நிறுவனம் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் முகம் சுளித்ததும் தொகை 2,000 ஆகி, பிறகு 3,000 ஆகியது. கருவி ஐரோப்பியக் கடைகளுக்கு வந்த அன்றே ஸ்பெயினைச் சேர்ந்த ஹெக்டர் மார்ட்டின் அதை வாங்கிப் பிரித்து ஆராய்ந்து, சில மணி நேரத்தில் டிரைவரை எழுதிப் பரிசைப் பெற்றார். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: அந்தப் பரிசுப் பணத்தைப் பின்னணியிலிருந்து கொடுத்தவர், கினெக்ட் குழுவிலேயே வேலை பார்த்த ஜானி லீ என்பது மறு ஆண்டில் அவர் வாயாலேயே வெளிவந்தது.

இந்தக் கதை ஏன் சுபமாக முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வேலை முடிந்ததா இல்லையா என்பதில் விவாதமே கிடையாது. படம் திரையில் தெரிந்தால் முடிந்தது. எழுதப்பட்ட நிரல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எந்தத் திட்டத்திற்குள்ளும் நுழைய வேண்டியதில்லை, ஆகவே யாரும் உட்கார்ந்து வரிவரியாகப் படித்து ஒப்புதல் தர வேண்டிய அவசியமும் இல்லை. அதற்குப் பிறகான உண்மையான உழைப்பு, அதாவது அந்த முதல் டிரைவரை எல்லா இயங்குதளங்களிலும் ஓடும் நிரலகமாக (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பாக) வளர்த்தெடுத்த வேலை, ஓபன்கினெக்ட் என்ற பெயரில் கூடிய தன்னார்வலர்களால் நடந்தது. அதற்கு அந்த 3,000 டாலரில் பங்கு இல்லை.

கணினி அறிஞர் டொனால்ட் கனூத் தம் புத்தகங்களில் பிழை கண்டுபிடிப்பவர்களுக்கு அனுப்பிய காசோலைகளையும் இதே வரிசையில் வைக்கலாம். ஒரு பிழைக்கு 2.56 டாலர், 256 என்பதைப் பதினாறடிமான முறையில் 100 என்று எழுதுவதால், 256 சென்ட் அந்த முறையில் ஒரு டாலர் என்று அவர் சொல்வார். டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் வழுக்களுக்கான தொகை சிறிதாகத் தொடங்கி, ஆண்டுதோறும் இரட்டிப்பாகி, 327.68 டாலரில் நின்றது. வாங்கியவர்களில் பலர் காசோலையை வங்கிக்குக் கொண்டுபோகாமல் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். காசோலை மோசடிகளுக்கு அஞ்சி 2008-இல் உண்மையான காசோலைகளை நிறுத்திவிட்டு, இல்லாத ஒரு நாட்டின் வங்கிப் பெயரில் அவர் சான்றிதழ் அனுப்பத் தொடங்கிய பிறகும் பிழை தேடுவோர் ஓய்ந்துவிடவில்லை. அங்கே பிழையைப் படித்துத் தீர்ப்புச் சொன்னவர் கனூத் ஒருவரே. அந்த உழைப்பை அவர் தாமாக விரும்பி ஏற்றுக்கொண்டிருந்தார் என்பதுதான் விஷயம்.

வழக்கமான பவுன்டி இப்படிப்பட்ட இடத்தில் வருவதில்லை. நான் பராமரிப்பில் கைகொடுக்கும் ஒரு சிறிய நிரலகம் பிடிஎஃப் கோப்புகளிலிருந்து உரையைப் பிரித்தெடுக்கும். தமிழ் பிடிஎஃப்களைக் கையாண்டவர்களுக்கு அதிலுள்ள தொல்லை தெரிந்திருக்கும்: ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு ஆகியவை எழுத்துக்கு இடப்பக்கம் வரையப்படுகின்றன, ஆனால் யூனிகோடில் மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகின்றன, ஆகவே வரையப்பட்ட வரிசையிலேயே உரையை உருவினால் கொம்புகளெல்லாம் இடம் மாறி விழுந்து, உரை படிக்க முடியாதபடி குலைந்துபோகும். இந்தச் சிக்கலைத் தீர்ப்பவருக்கு 200 டாலர் என்று ஒரு பயனர் அறிவித்தார். நல்ல மனதோடுதான் அறிவித்தார். அடுத்த நாளே இந்த நிரலைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கும் புல் ரிக்வெஸ்ட்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின.

வந்தவற்றில் ஒன்று, கொம்பைக் கண்டால் அடுத்த எழுத்துக்குப் பின்னால் தள்ளிவிடு என்ற ஒரே விதியோடு வந்தது. பயனர் மாதிரிக்குக் கொடுத்திருந்த பக்கத்தில் அது பிசகில்லாமல் ஓடியது. ஆனால் 'க்ஷேமம்' என்று ஒரு சொல்லைக் கொடுத்தால், இரட்டைக்கொம்பு கூட்டெழுத்து முழுவதையும் தாண்டிப் போகாமல் ககரத்தோடு நின்றுவிட, புள்ளியும் கொம்பும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. இன்னொன்றில் கொம்புகள் சரியான இடத்துக்கு வந்தன, ஆனால் 'கொ' என்பதில் உள்ள கொம்பும் காலும் ஒரே குறியாக இணைக்கப்படாமல் இரண்டு குறிகளாகவே நின்றன. திரையில் பார்த்தால் குறையேதும் தெரியாது, 'கொடி' என்று தேடினால் மட்டும் எதுவும் அகப்படாது. மூன்றாமவரின் நிரல் முதலாமவருடையதையே, உள்ளே வரும் மாறிகளின் (variables) பெயர்களை மட்டும் மாற்றி எழுதியதுபோல் இருந்தது. இவை ஒவ்வொன்றையும் இறக்கி, ஓட்டி, எங்கே இடறுகிறது என்று கண்டுபிடித்து, எழுதியவர் மனம் புண்படாமல் பதிலெழுதும் வேலை எங்கள் முதன்மைப் பராமரிப்பாளருக்கு வாய்த்தது. பகலில் வேறொரு நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் அவர். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் இதற்கு உட்காருவார். கடைசியில் இரண்டாமவருடைய நிரல், பராமரிப்பாளர் எழுதிக்கொடுத்த சோதனைகளையெல்லாம் கடந்து ஏற்றுக்கொள்ளப்பட்டது. பணம் அவருக்குப் போனது. அந்தச் சோதனைகளை எழுதிய நேரம் நிரலை எழுதிய நேரத்தைவிட அதிகமாகவே இருந்திருக்கும். சில மாதங்கள் கழித்து, பழைய எழுத்துரு ஒன்றில் அதே பகுதி வேறொரு விதமாகத் தடுமாறியபோது அவரை அழைத்தோம், பதில் இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு எந்த நியாயமும் இல்லை. பேசிய வேலையைச் செய்தார், பேசிய கூலியைப் பெற்றார். பேச்சிலேயே பராமரிப்பு இடம்பெறவில்லை.

தோற்ற இருவரின் நிலையும் யோசிக்கத் தக்கது. ஒரே வேலையை மூவர் செய்து ஒருவருக்கு மட்டும் கூலி என்றால், அறிவித்தவருக்கு அது மலிவு. உழைத்தவர்களைச் சேர்த்துப் பார்த்தால் அது கூலியே அன்று, ஏறக்குறைய குலுக்கல். இப்போது ஒரு பவுன்டிக்கு நானும் முயல்கிறேன் என்று அந்த வழுவையோ கோரிக்கையையோ பதிவுசெய்த இஷ்யூவின் கீழ் ஒரு வரி எழுதிவிட்டுப் பலரும் ஒரே நேரத்தில் இறங்கும் வழக்கமே பரவியிருக்கிறது. 100 டாலர் என்பது சான் பிரான்சிஸ்கோவில் இருப்பவருக்கு ஒரு வேளை இரவு விருந்துச் செலவாக இருக்கலாம்; திருநெல்வேலியிலோ விழுப்புரத்திலோ கல்லூரியில் படிக்கும் மாணவருக்கு அது ஒரு மாத விடுதிச் செலவைத் தாண்டும். ஆகவே பந்தயத்தில் இறங்குவது யார், இறங்கித் தோற்றுக்கொண்டே இருப்பது யார் என்பது தற்செயலாக அமைவதில்லை. அவசரத்தில் பாதி யோசித்த நிரலை அனுப்புகிறார்களே என்று அந்த மாணவர்களைக் கடிந்துகொள்வதில் பொருளில்லை. முதலில் வருபவருக்கே பணம் என்று சொல்லிவிட்டு நிதானத்தை எதிர்பார்ப்பது எப்படி?

இடைத்தரகர்களின் கதை வேறு. பவுன்டித் தளங்களில் பல ஆண்டுகள் முன்னணியில் இருந்தது பவுன்டிசோர்ஸ். எலிமென்டரி ஓஎஸ் என்ற இயங்குதளம், நியோவிம் என்ற உரைத்தொகுப்பி போன்ற திட்டங்கள் அதைப் பயன்படுத்தின. யார் வேண்டுமானாலும் ஓர் இஷ்யூவின் மேல் பணம் வைக்கலாம், வேறு பலர் அதோடு சேர்க்கலாம், வேலை முடியும்வரை பணம் தளத்தின் பொறுப்பில் இருக்கும். முடியாத வேலைகள் முடியாமலே கிடக்க, பணம் குவிந்துகொண்டே போனது. அந்தத் தளம் 2017-இல் ஒரு கிரிப்டோ நிறுவனத்தின் கைக்குப் போய், 2020-இல் இன்னொரு நிறுவனத்திடம் சென்றது. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் விதிமுறைகளில் புதிதாக ஒரு பத்தி நுழைந்தது: இரண்டு ஆண்டுகளாகத் தீர்வு ஏற்கப்படாத பவுன்டிகளின் தொகையைத் தளமே எடுத்துக்கொள்ளும். எதிர்ப்பு கிளம்பியதும் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் நம்பிக்கை போனது போனதுதான். 2023-இல் தங்களுக்கு வரவேண்டிய பணம் வரவில்லை என்று நிரலாளர்கள் வெளிப்படையாக முறையிடத் தொடங்கினார்கள்; தளம் அத்தோடு படுத்துவிட்டது. கொடுத்தவர் பணம் கொடுத்துவிட்டார், உழைத்தவர் உழைத்துவிட்டார், நடுவில் இருந்த பெட்டி காலி.

பாதுகாப்பு வழுக்களுக்கான பவுன்டி இதிலிருந்து ஓரளவு தனித்து நிற்கிறது, அதை நான் மறுக்கவில்லை. 1995-இலேயே நெட்ஸ்கேப் தன் உலாவியின் சோதனைப் பதிப்புக்கு அப்படியொரு திட்டத்தை வைத்தது. மொசில்லா 2004-இல் ஒரு கடுமையான வழுவுக்கு 500 டாலர் என்று தொடங்கி, 2010-இல் அதை 3,000 ஆக்கியது. இங்கே கேட்பது நிரலை அன்று, தகவலை. ஓட்டையைக் கண்டவர் அதைக் கள்ளச் சந்தையில் விற்காமல் உரியவரிடம் சொல்ல ஒரு காரணம் வேண்டும், பணம் அந்தக் காரணமாகிறது. மொசில்லாவைப் போல வந்த அறிக்கைகளைப் படிக்கச் சம்பளத்துக்கு ஆட்கள் உள்ள இடத்தில் இது நன்றாகவே ஓடுகிறது.

அப்படி ஆட்கள் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்குக் கர்ல் திட்டம் சாட்சி. நாம் பயன்படுத்தும் தொலைபேசி, கார், தொலைக்காட்சி என்று எண்ணற்ற கருவிகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கும், இணையம் வழியே தரவை அனுப்பவும் பெறவும் உதவும் இந்த நிரலை ஸ்வீடனின் டேனியல் ஸ்டென்பெர்க் தலைமையில் மிகச் சிறிய குழு ஒன்று பேணி வருகிறது. 2019-இல் பாதுகாப்பு அறிக்கைகளைப் பெற்றுத்தரும் ஹேக்கர்ஒன் தளத்தின் வழியாக அவர்கள் பவுன்டி தொடங்கினார்கள். பணம் வெளியிலிருந்து வந்தது, பயனும் இருந்தது: மொத்தத்தில் 87 உண்மையான ஓட்டைகள் தெரியவந்தன, 1,00,000 டாலருக்கு மேல் கொடுக்கப்பட்டது. அதன் பிறகு செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் காலம் வந்தது. நிரலில் இல்லாத செயற்கூறுகளை (functions) இருப்பதாகச் சொல்லும், படிக்க மட்டும் வெகு நேர்த்தியாக இருக்கும் அறிக்கைகள் குவிந்தன. 2025-இன் நடுப்பகுதியில் ஸ்டென்பெர்க் கணக்குச் சொன்னபோது, அந்த ஆண்டில் வந்தவற்றில் ஏறத்தாழ 5 விழுக்காடுதான் உண்மையான ஓட்டை. ஒவ்வொரு அறிக்கையையும் மூன்று நான்கு பேர் படிக்கிறார்கள், அரை மணி முதல் சில வேளை மூன்று மணி நேரம் வரை ஆகிறது என்றும் அவர் எழுதினார். 2026 ஜனவரி இறுதியோடு கர்ல் தன் பவுன்டியை மூடிவிட்டது. பணத்தாசையை அகற்றினால் குப்பை குறையும் என்பதே அவர் சொன்ன காரணம். குப்பை அனுப்புபவருக்குச் செலவு ஒன்றுமில்லை, பத்தில் ஒன்று தப்பித்தவறிப் பலித்தாலும் லாபம். படிப்பவருக்கோ பத்தும் செலவு.

இதற்குப் பெரும் பணம்கூடத் தேவையில்லை, ஒரு டி-ஷர்ட் போதும் என்பதை 2020 அக்டோபரில் நாம் எல்லோரும் பார்த்தோம். டிஜிட்டல்ஓஷன் என்ற மேகக் கணினி நிறுவனம் நடத்தும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற அக்டோபர் மாத நிகழ்வில் அப்போது நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் சட்டை கிடைத்தது. விளக்கக் கோப்பில் 'அருமையான திட்டம்' என்ற பொருளில் ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு அதையே பங்களிப்பாக அனுப்பியவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். நம் நாட்டு மாணவர்கள் அதில் கணிசம் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சில நாட்களிலேயே, விரும்பிப் பதிவுசெய்யும் திட்டங்களுக்கு மட்டுமே கணக்கு என்று விதியை மாற்ற நேர்ந்தது. 2023-இல் சட்டையையே கைவிட்டார்கள்.

பணம் வாங்காதவரின் மனம் என்ன ஆகிறது என்பதுதான் இதில் மிகச் சிக்கலான பகுதி. 2006-இல் தன்னார்வலர்கள் உருவாக்கும் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டத்தில் எட்ச் என்ற பதிப்பு டிசம்பர் 4-ஆம் தேதிக்குள் வெளிவர வேண்டும் என்று இலக்கு வைத்திருந்தார்கள். அப்போதைய திட்டத் தலைவர் ஆன்டனி டவுன்ஸும் வேறு சிலரும் சேர்ந்து, டெபியனுக்கு வெளியே டங்க்-டேங்க் என்ற அமைப்பைத் தொடங்கி, நன்கொடை திரட்டி, வெளியீட்டு மேலாளர்கள் இருவருக்கு ஆளுக்கு ஒரு மாதம் முழுநேரம் உழைக்கப் பணம் கொடுப்பதென்று முடிவு செய்தார்கள். இது பவுன்டிகூட அன்று, முறையான ஊதியம். பணம் பெறுபவர்களும் தகுதியில் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். இருந்தும் புயல் கிளம்பியது. ஆண்டுக்கணக்கில் சம்பளமின்றி உழைத்த பலர், எந்த வேலைக்கு விலை உண்டு, எதற்கு இல்லை என்று யார் தீர்மானித்தது என்று கேட்டார்கள். சிலர் தங்கள் பங்களிப்பைக் குறைத்துக்கொண்டார்கள். தலைவரைப் பதவி நீக்கும் தீர்மானம்வரை போய், அது தோற்றது. டங்க்-பேங்க் என்று எதிர்ப் பெயர் சூட்டிக்கொண்டு இன்னொரு குழு கிளம்பியது. எட்ச் வெளிவந்தது 2007 ஏப்ரல் 8-இல். தாமதத்துக்குப் பணம் ஒன்றே காரணம் என்று சொல்வதற்கில்லை, ஆனால் பணம் வேகத்தைக் கூட்டவில்லை என்பது மட்டும் தெளிவு. கல்யாண வீட்டில் பந்தி பரிமாற வந்த உறவுக்காரர்களில் இருவரை மட்டும் தனியே அழைத்து ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் அதே உற்சாகத்தோடு சாம்பார் வாளியைத் தூக்குவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

பொருளியலாளர்கள் யூரி நீசியும் ஆல்டோ ருஸ்டிகினியும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதே போக்கை வேறிடத்தில் காட்டியது. வீடு வீடாகப் போய் நன்கொடை திரட்டும் பள்ளி மாணவர்களில், ஒன்றும் வாங்காதவர்கள் மிக அதிகமாகத் திரட்டினார்கள். திரட்டியதில் 1 விழுக்காடு தரப்பட்டவர்கள் மிகக் குறைவாகத் திரட்டினார்கள். 10 விழுக்காடு தரப்பட்டவர்கள் நடுவில் நின்றார்கள். இஷ்யூக்களின் மேல் வைக்கப்படும் 20 டாலர், 50 டாலர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 1 விழுக்காடுதான் நினைவுக்கு வரும். வேலையின் மதிப்பைச் சொல்லவும் போதாத தொகை அது. அன்புக்காகச் செய்பவரின் மகிழ்ச்சியைக் கெடுக்க மட்டும் தாராளமாகப் போதும்.

இதையெல்லாம் படித்துவிட்டுக் கட்டற்ற மென்பொருளுக்குப் பணமே ஆகாது என்று நான் வாதிடுவதாக யாரும் கொள்ள வேண்டாம். 2014-இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிவந்தபோது, உலகின் எண்ணற்ற வலைத்தளங்கள் தகவலை மறையாக்கம் செய்ய நம்பியிருந்த ஓபன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு ஆண்டுக்கு 2,000 டாலர் அளவில்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது என்பதை நாம் தெரிந்துகொண்டோம்; தூய தன்னார்வம் என்று அதைப் போற்றுவது அபத்தம். கேள்வி, பணத்தை எங்கே வைப்பது என்பதே. மாணவர்கள் கோடை விடுமுறையில் கட்டற்ற திட்டங்களுக்கு நிரல் எழுதும் சம்மர் ஆஃப் கோடைக் கூகுள் 2005-இல் தொடங்கியபோது, மாணவருக்கு 4,500 டாலர் கொடுத்ததோடு வழிகாட்டிய அமைப்புக்கும் 500 டாலர் கொடுத்தது. ஒன்பதுக்கு ஒன்று என்ற விகிதம் சரிதானா என்று வாதிடலாம். ஆனால் கற்றுக்கொடுப்பதும் சரிபார்ப்பதும் வேலை என்று அதில் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. முப்பரிமாண அசைபட மென்பொருளான பிளெண்டர் தன் வளர்ச்சி நிதியிலிருந்து நிரலாளர்களுக்குச் சம்பளமே கொடுக்கிறது. ஜெர்மனி அரசு 2022-இல் தொடங்கிய நிதியம், கர்ல் உட்படப் பல அடிப்படைத் திட்டங்களின் பராமரிப்புக்கு நேரடியாகப் பணம் கொடுத்தது. இங்கே பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா 2024 அக்டோபரில் அறிவித்த ஃப்ளாஸ் ஃபண்ட், ஆண்டுக்குப் 10 லட்சம் டாலர் ஒதுக்கி, ஒரு திட்டத்துக்கு 10,000 முதல் 1,00,000 டாலர் வரை தருகிறது. இவை எதிலும் இரண்டு பேர் ஒரே இஷ்யூவுக்காக ஓட வேண்டியதில்லை.

ஆனால் நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பது அவ்வளவு பெரிய நிதி அன்று. ஒரு பதிப்பகமோ கல்லூரித் துறையோ நாலைந்து பேர் கொண்ட நிறுவனமோ தங்களுக்குத் தேவையான வசதிக்கென 25,000 ரூபாயை ஒதுக்கிவிட்டு, எங்கே அறிவிக்கலாம் என்று கேட்டால், எங்கும் அறிவிக்க வேண்டாம் என்பதே என் பதில். முதலில் பராமரிப்பாளருக்குத் தனியாக ஒரு மடல் எழுதி, இந்த வசதி உங்கள் திட்டத்துக்கு ஏற்புடையதா, இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். ஏற்பில்லாத வசதிக்குப் பணம் வைத்து அவரை ஊர் முன்னால் வில்லனாக்குவது பவுன்டிகளில் அடிக்கடி நடக்கும் கொடுமை. அவர் ஒப்புக்கொண்டால், ஏற்கெனவே அந்த நிரலில் கைவைத்துப் பழகிய ஒருவரை அவரே சுட்டட்டும். அந்த ஒருவரோடு மட்டும் பேசி, வேலை தொடங்கும்போது ஒரு பகுதியும் முடியும்போது ஒரு பகுதியும் கொடுங்கள். தொகையில் மூன்றில் ஒரு பங்கையாவது நிரலைப் படித்துச் சரிபார்க்கும் ரிவ்யூவுக்கென்று பராமரிப்பாளர் பெயரில் தனியே எடுத்து வையுங்கள். அவருக்கு வேண்டாமென்றால் திட்டத்தின் சர்வர் செலவுக்குப் போகட்டும். ஆறு மாதம்வரை எழும் வழுக்களுக்கு எழுதியவரே பதில் சொல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வைத்து, அதற்கும் ஒரு சிறு தொகையை நிறுத்தி வையுங்கள். இப்படிப் பிரித்த பிறகு நிரல் எழுதுபவருக்கு மிஞ்சுவது 12,000, 13,000 ரூபாய்தான் என்றால், கேட்கும் வசதி அந்தத் தொகைக்கு மிகப் பெரிது என்று பொருள். அதைப் பாதியாக வெட்டி, முதல் பாதியை மட்டும் இந்த ஆண்டு கேளுங்கள்.